கடைசிச் சொல்லை மறைத்துக் கொடுத்தேன்

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலக் கவிதை என்றாலே பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துப் பொழிப்புரைக்குக் காத்திருப்பார்கள். எழுதிப் போட்டால் நோட்டில் ஏறும், மனசில் ஏறாது.

இதை மாற்றியது அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் 1923-ஆம் ஆண்டுக் கவிதை, ‘ஸ்டாப்பிங் பை உட்ஸ் ஆன் எ ஸ்நோயி ஈவினிங்’. 16 வரிகளிலும் கடைசிச் சொல்லை மறைத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். நான் உரக்க வாசிக்க, பிள்ளைகள் பெஞ்சில் தாளம் தட்டினார்கள். வரிக்கு நான்கு தட்டு. நான்காவது, சொல் இல்லாத இடத்தில் விழும். அந்தக் காலியிடமே அவர்களைத் தேட வைத்தது.

முதல் பத்தியில் ‘நோ’, ‘தோ’, ‘ஸ்நோ’ என்று பொருந்தின. மூன்றாம் வரியின் ‘ஹியர்’ மட்டும் தனியாக நின்றது. ஒரு மாணவி அடுத்த பத்தியைப் பார்த்து, “மிஸ், இது அங்க போய்ச் சேருது!” என்றாள். அதேதான். ஒவ்வொரு பத்தியின் மூன்றாம் வரியும் அடுத்த பத்திக்கு இயைபை, அதாவது வரிக் கடைசியின் ஒத்த ஓசையை, எடுத்துக் கொடுக்கிறது. கடைசிப் பத்தியில் நான்கு வரிக்கும் ஒரே இயைபு, ‘தூங்கும் முன் போக வேண்டிய தூரம் வெகுதூரம்’ என்னும் கடைசி வரி இரண்டு முறை வருகிறது. ஏன் இரண்டு முறை? தூக்கக் கலக்கம் என்றான் ஒருவன், சாவு என்றாள் இன்னொருத்தி. இரண்டையுமே எழுத வைத்தேன்.

கதைக்கும் இதே வழிதான். ஓ. ஹென்றியின் ‘தி லாஸ்ட் லீஃப்’ கதையை முடிவுக்கு முன்பே நிறுத்தி, அத்தனை காற்றிலும் அந்த இலை ஏன் விழவில்லை என்று கேளுங்கள். தேர்வுக்கான வினா விடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் போதும்.