நவீனக் கட்டுக்கதைகளும் ஊடகங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் நிலத்தை உழுகிறவர்களுக்கு மண்ணுளிப் பாம்பு புதிய உயிரினம் அன்று. அது நஞ்சற்றது, இளகிய மண்ணுக்குள் பதுங்கியிருந்து எலிகளைத் தின்பதால் விவசாயிக்கு உதவுவது, வால் மழுங்கித் தலையைப் போலவே தோன்றுவதால் இருதலைப் பாம்பு என்றும் பெயர் பெற்றது. இந்தச் சாதுவான உயிரைப் பற்றித்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலை முனை மாறும் என்றும், எடை கூடக்கூட விலை லட்சத்திலிருந்து கோடிக்கு ஏறும் என்றும், வெளிநாட்டில் இதிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்றும் ஒரு கதை பல ஆண்டுகளாக உலவி வருகிறது. அதை நம்பிப் பாம்பைப் பிடித்து விற்கப் போகிறவர்கள், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனத்துறையிடம் சிக்குகிறார்கள். மறுநாள் செய்தி வருகிறது: இத்தனை லட்சம் மதிப்புள்ள மண்ணுளிப் பாம்பு பறிமுதல்.

அந்த ஒற்றை வரியில்தான், என் கருத்தில், எல்லாவற்றிலும் பெரிய தவறு நிகழ்கிறது. சட்டப்படி விற்கவே முடியாத, மருத்துவப் பயன் எதுவும் நிறுவப்படாத ஓர் உயிருக்கு மதிப்பு என்று போடப்படும் அந்தத் தொகை, பெரும்பாலும் பிடிபட்டவர்கள் தாங்களே கேட்ட விலைதான். செய்தியாளர் எச்சரிக்கத்தான் எழுதுகிறார். ஆனால் கதையின் உயிர்நாடியான விலையை அச்சில் ஏற்றி, அதற்கு அரசு முத்திரை போன்ற ஒரு நம்பகத்தையும் தந்துவிடுகிறார். அடுத்து பாம்பு தேடிப் போகிறவர் கையில் அந்தச் செய்தித்தாள் நறுக்கே சான்றாக இருக்கும். அரிசியை இழுக்கும் சக்தி கொண்டது என்று சொல்லி விற்கப்படும் கலசம், பெருந்தொகை பெறும் என்று ஆசைகாட்டப்படும் இரிடியம் என்ற உலோகம் ஆகிய மோசடிகள் பற்றிய செய்திகளிலும் இதே பிழை தொடர்கிறது. தொகையைத் தவிர்க்கவே முடியாது என்றால், அது மோசடிக்காரர்கள் சொன்ன விலை என்பதையும், பாம்புக்கு அத்தகைய மதிப்பு கிடையாது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் கைப்பேசிதான் காரணம் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, அதிர்வை உணர்ந்தும் சேதம் அடையாத ஊர்களில் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் தொகுத்து ஆராய்ந்தார். இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சே அவற்றில் மிகுந்திருந்தது. கதை வந்து மக்களை அச்சுறுத்தியது என்பதைக் காட்டிலும், முன்பே மனத்தில் புகுந்துவிட்ட அச்சம் தனக்கொரு காரணத்தைத் தேடிக்கொண்டது என்று பின்வந்த அறிஞர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். அந்த அச்சத்தைப் பேசாமல், கதையை மட்டும் பொய் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், அதே அச்சம் வேறொரு கதையைப் பற்றிக்கொள்கிறது.

2018 மே மாதத்தில் நடந்ததை இந்த வட்டாரத்தார் மறந்திருக்க முடியாது. பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தினர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைக் கண்டு, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நம்பிய கூட்டம் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்தக் காலத்தில் இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளுள் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். பைக்கில் வருகிறவர் குழந்தையைத் தூக்கிச் சென்று, பின்னர் திருப்பிக் கொண்டுவந்து விட்டு எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவதாக அது முடியும். அந்த முடிவை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள். காட்சி உண்மையாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பது எத்தனை ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, முன்னும் பின்னும் என்ன இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்காத காணொளி எதற்கும் ஆதாரம் ஆகாது. அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அது வேகத்தைக் குறைத்ததே தவிர, 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவுவதைத் தடுக்கவில்லை. காவல்துறை மறுத்த பின்னும், சொந்த ஊரில் இருக்கும் அத்தொழிலாளர்களின் தாய் தந்தையரின் கலக்கம் உடனே அடங்கிவிடவில்லை.

சொல்லிச் சொல்லிச் செய்தி எப்படி உருமாறுகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதும் பிழையே. ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1947இல் எழுதியபடி, வாய் மாறும்போது நுணுக்கங்கள் உதிர்கின்றன, மிஞ்சுகிற ஒன்றிரண்டு விவரங்கள் கூர்மையடைகின்றன. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் பெருக்கெடுத்தது. அணை மதகு உடைந்தது என்பது அணை உடைந்தது என்று ஆவதற்கு ஒரே ஒரு சொல் உதிர்ந்தால் போதும். தென்பெண்ணைக் கரையோரம் வாழ்கிறவர்களுக்கு அந்த ஒரு சொல் எத்தனை பெரிய வேறுபாடு என்பதைத் தலைப்பு எழுதுகிறவர் உணர வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, வருவதெல்லாம் பொய் என்று இருந்துவிடுவதும் அதே அளவு தீங்கானது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பேருந்து நிலையப் பகுதியில் நின்ற வாகனங்களை வெள்ளம் உருட்டிச் சென்ற காட்சி வெளிவந்தது. நம்ப முடியாததாகத் தோன்றினாலும் அது உண்மை. காவிரி வடக்கு வனவுயிர் சரணாலயம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவியிருப்பதால், சிறுத்தை நடமாட்டம் என்ற செய்தியையும் எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. வனத்துறையிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பேய்க்கதைகளால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எண்ணுகிறவர்கள் தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாயை நினைத்துப் பார்க்கலாம். சாலையில் கைகாட்டி வண்டியில் ஏறி, வழியில் மறைந்துவிடும் உருவத்தின் கதை உலகெங்கும் உண்டு. பியர்ட்ஸ்லி, ஹாங்கி என்ற இருவர் 1942 வாக்கிலேயே அமெரிக்காவில் அதன் பல வடிவங்களைத் தொகுத்தார்கள். விபத்து மிகுந்த எந்தச் சாலையையும் இத்தகைய கதை விட்டுவைப்பதில்லை. ஆனால் தொப்பூரில் உயிர்களைப் பலி கொள்வது நீண்ட இறக்கமும், இரட்டைப் பாலத்தை ஒட்டிய வளைவும், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் கனரக வாகனங்களின் பிரேக் சூடேறிச் செயலிழப்பதும்தான். நள்ளிரவு அமானுஷ்யம் என்று தலைப்பிட்டு ஒரு காணொளி வெளியாகும்போது, கியரில் இறங்குங்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கக்கூடிய இடம் வீணாகிறது. அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை.

மறுப்பை எழுதும் முறையிலும் கவனம் தேவை. வதந்தியைத் தலைப்பில் பெரிதாகப் போட்டு, அது பொய் என்பதை மூன்றாம் பத்தியில் வைத்தால், தலைப்போடு நிறுத்திக்கொள்கிறவர்களிடம் வதந்திதான் போய்ச் சேரும். உண்மையை முதலில் சொல்லி, பொய்யை ஒருமுறை மட்டும் குறிப்பிட்டு, மீண்டும் உண்மையோடு முடிப்பது நல்லது. தமிழில் மட்டும் மறுப்பதும் இங்கே போதாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள்; சிப்காட் ஆலைகளில் இந்தியும் ஒடியாவும் ஒலிக்கின்றன. பெங்களூரில் கிளம்பிய பேச்சு கன்னடத்தில் ஓசூருக்கு வந்து, தமிழில் தருமபுரிக்குப் போகிறது. எனவே மாவட்ட நிர்வாகத்தின் விளக்கம் வதந்தி வந்த மொழியிலேயே, எழுத்தாக மட்டுமன்றிக் குரல் பதிவாகவும், அன்றைய தினமே வெளிவர வேண்டும். வெள்ளம், அணை பற்றிய ஐயங்களுக்கு ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் அதிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும்.