புற்றுநோய் அபாயத்தைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

புற்றுநோய் வராமலிருக்க எதைச் சாப்பிட வேண்டும் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். எதை விட வேண்டும் என்று கேட்டுத் தொடங்குங்கள். பலன் அங்கேதான் அதிகம். 30 முதல் 50 சதவீதப் புற்றுநோய்கள் தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவற்றுக்கு வயது, பரம்பரை, செல் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழை என்று நம் கையில் இல்லாத காரணங்கள் உண்டு. அதனால் நோய் வந்தவரிடம் போய் "ஒழுங்காக இருந்திருந்தால் வந்திருக்காது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

படி 1: புகையிலையை நிறுத்துங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். சிகரெட் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் 70 வரை அடையாளம் காணப்பட்டுள்ளன. அவை நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்குகின்றன. அங்கேயும் புற்றுநோய் வருவது இதனால்தான். புகையில்லாத, மெல்லும் புகையிலை வாயிலும் உணவுக்குழாயிலும் அதே வேலையைச் செய்கிறது.

ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரவே வீட்டில் இருப்பதையெல்லாம் அப்புறப்படுத்துங்கள். "ஒன்றே ஒன்று" என்று மனம் இழுக்கும் வேகம் பொதுவாகச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். முதல் வாரம்தான் கடினம்.

புகையிலை ஏக்கத்தைத் தணிக்க நிக்கோட்டின் சூயிங் கம் பயன்படுத்தினால், சாதாரண கம் போல விடாமல் மெல்லக் கூடாது. மெதுவாக மெல்லுங்கள், நாக்கில் காரமோ சுருசுருப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படியே அரை மணி நேரம். "கம் எனக்கு வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் இந்த முறை தெரியாமல் மென்று விழுங்கியவர்கள். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

விட்டு 10 ஆண்டு ஆனால், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாகிறது. எந்த வயதில் விட்டாலும் லாபம்தான்.

படி 2: மது

பீர், ஒயின், விஸ்கி என்ற வித்தியாசமெல்லாம் செல்லுக்குத் தெரியாது. உடல் மதுவை அசிட்டால்டிஹைட் என்ற வேதிப்பொருளாக மாற்றுகிறது. அது டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. மார்பகம், கல்லீரல், பெருங்குடல் உட்பட குறைந்தது 7 வகைப் புற்றுநோய்களோடு மதுவுக்குத் தொடர்பு உண்டு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவ உதவியோடு நிறுத்துங்கள்.

படி 3: தடுப்பூசி

ஹெச்பிவி என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள், கிருமி தொற்ற வாய்ப்பு வரும் முன்பே போட்டால் பலன் அதிகம். ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். ஹெபடைட்டிஸ் பி என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி கல்லீரலைக் காக்கிறது. சிறுவயதில் போடாத பெரியவர்களும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

படி 4: இடுப்பளவு, நடை, தட்டு

உடல் பருமனால் 13 வகைப் புற்றுநோய்களின் அபாயம் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுதான் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அது ஒரு காரணம். எடை மெஷினை மட்டும் நம்பாமல் இடுப்பையும் அளந்து குறித்து வையுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது.

வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடங்கள். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் போதும். சாப்பாட்டில் முழுதானியம், பருப்பு, காய், பழம் கூடட்டும். பதப்படுத்திய இறைச்சியை, அதாவது சாசேஜ், பேக்கன் போன்றவற்றை, தவிர்க்கலாம். அற்புத உணவு, அற்புதப் பொடி என்று விற்பவர்களிடம் பணத்தை விடாதீர்கள்.

படி 5: பரிசோதனை

சில பரிசோதனைகள் புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகின்றன. பெண்கள் 30 வயது முதல் கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும், தடுப்பூசி போட்டிருந்தாலும்கூட. கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் அங்குள்ள சிறு கட்டிகளை அப்போதே அகற்றிவிடலாம். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்குவது என்பதை அது மாற்றலாம்.

3 வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு என்று எது தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.