ரோன் கலவை ஒயினும் கூடவே கொஞ்சம் இசையும்

பிரான்சின் தெற்கு ரோன் பகுதியில் சிவப்பு ஒயின் என்றால் பெரும்பாலும் கலவைதான்: கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் என்ற திராட்சை வகைகள். முதலில் பாட்டு வேண்டாம். பாட்டிலை 16 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி மோந்து பாருங்கள், ஸ்ட்ராபெர்ரி வாசனையும் தொண்டையில் லேசான சூடும் கிரெனாஷ் தருவது, மிளகு வாசம் சிராவுடையது, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு பெரும்பாலும் மூர்வேத்ர்.

சரி, இப்போது இசை. சத்தம் குறைவாக இருக்கட்டும். அதே ஒயினை செல்லோ (வயலினைவிடப் பெரிய, கனத்த ஒலியுள்ள தந்திக் கருவி) கேட்டபடி ஒரு மிடறு, அப்புறம் ஐந்து நிமிடம் விட்டு, துள்ளலான கிட்டார் கேட்டபடி இன்னொரு மிடறு. எப்போது துவர்ப்பு முன்னால் வருகிறது, எப்போது பழச்சுவை வருகிறது என்று எழுதி வையுங்கள். எனக்கு செல்லோவில் மூர்வேத்ர் கனத்துத் தெரியும், கிட்டாரில் கிரெனாஷ் இனிக்கும்.

சிரா தூக்கலான கலவைக்கு என் தேர்வு ஜாஸ் சாக்ஸபோன். பிரான்சின் வியென் நகரின் ரோமானிய அரங்கில் 1981 முதல் ஜாஸ் விழா நடக்கிறது, ரோன் நதியின் எதிர்க்கரையில் சற்றுத் தெற்கே கோத்-ரோதி என்ற ஒயின் பகுதியின் சிராத் தோட்டங்கள்.