அரசியல் வாதத்தின் அடிவேரைக் கண்டுபிடிப்பது எப்படி?

விவாதப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார் செய்வது என் வேலை. வரும்போதே கையில் ஒரு கட்டுப் புள்ளிவிவரம் இருக்கும். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒன்று கேட்பேன்: "இந்த எண்களெல்லாம் நேர்மாறாக இருந்தால் கட்சி மாறுவாயா?" மாறுவேன் என்றால் அது தகவல் தகராறு, தேடிப் படித்தால் தீர்ந்துவிடும். மாறமாட்டேன் என்றால் எண்களுக்குக் கீழே வேறொரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. தோண்ட வேண்டியது அங்கேதான்.

கட்டாய ஹெல்மெட் சட்டம் இதற்கு நல்ல பயிற்சி. ஒரு மாணவி ஆதரித்தாள், ஒரு மாணவன் எதிர்த்தான். அவனிடம், "ஆயிரம் உயிர் பிழைக்கும் என்று நிரூபித்தால்?" என்றேன். "அப்பவும் என் தலை என் பொறுப்பு" என்றான். ஆக அவனுக்கு உரிமை என்பது வேலி, பலனைக் காட்டி அதைத் தாண்ட முடியாது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: வளர்ந்த ஒருவரைக் கட்டாயப்படுத்த, பிறருக்கு வரும் தீங்கைத் தடுப்பது மட்டுமே காரணமாகலாம், அவருடைய சொந்த நன்மை போதாது. (மில் கடைசியில் பலனைப் பார்த்தே எடை போடுபவர் என்பது வேறு கதை.)

மாணவி உடனே, "அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு எல்லோர் தலையிலும்தானே விழுகிறது?" என்றாள். கவனியுங்கள், வாதம் இடம் மாறிவிட்டது. 'உனக்கு நல்லது' என்பது போய், 'எங்களுக்கு நஷ்டம்' என்பது வந்திருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் புதிதாக வந்த காரணத்தை மட்டும் உருவிப் பாருங்கள். "செலவு முழுவதையும் அவனே கட்டிவிட்டால்?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பவும் போடத்தான் வேண்டும். அவனுக்கு அம்மா இல்லையா, பிள்ளை இல்லையா?" அவளுடைய வேர் அதுதான். செலவுக் கணக்கு அவளுக்கு முக்கியமே இல்லை. மனிதன் தனக்கு மட்டும் சொந்தமானவன் அல்ல என்பது அவள் நம்பிக்கை. புள்ளிவிவரத்தை வைத்து அவன் அவளையோ, அவள் அவனையோ அசைத்திருக்கவே முடியாது.

சரி, தோண்டும்போது எதைத் தேடுவது? என் அனுபவத்தில் பெரும்பாலான தகராறுகள் மூன்று கேள்விகளில் ஒன்றில் போய் முட்டுகின்றன.

உரிமை எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைக் கேட்டால் அது அரசுக்கு முந்தியது, அதைக் காக்கத்தான் அரசே. 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் இந்தக் குரல் கேட்கும். சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் இதற்கு நேர் எதிர். உரிமை சட்டத்தின் பிள்ளை, பறிக்க முடியாத இயற்கை உரிமை என்பதெல்லாம் பொய்க்கால் கட்டிய உளறல் என்று கேலி செய்தவர். எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் என்று தெரிய இப்படிக் கேளுங்கள்: "சட்டமே இல்லாத தீவில் ஒருவன் விளைவித்ததை இன்னொருவன் பிடுங்கினால், அது உரிமை மீறலா, வெறும் அடிதடியா?"

இரண்டாவது, யாரைக் கண்டு அதிகம் பயம் என்பது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் கண்ட தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் எழுதும்போது, அரசு இல்லாவிட்டால் ஒவ்வொருவனும் மற்றவனுக்கு எதிரி என்றார். மரநாய்க்கும் நரிக்கும் பயந்தவன் பாதுகாப்பு என்று கட்டுப்பாடில்லாத அரசன் என்னும் சிங்கத்தின் வாயில் விழுவானா என்று கேட்டார் லாக். கண்காணிப்பு கேமரா, போலீஸ் அதிகாரம், அவசரநிலைச் சட்டம் பற்றிய சண்டையெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு பயங்களுக்கு நடுவேதான். இங்கே எனக்குப் பிடித்த கேள்வி: "இந்த அதிகாரம் நாளைக்கு உனக்கு ஆகாத கட்சியின் கைக்குப் போனால் சம்மதமா?" பாதிப் பேர் இதிலேயே குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

மூன்றாவது, சுதந்திரம் என்றால் யாரும் குறுக்கே நிற்காமல் இருப்பதா, செய்வதற்கான வசதியும் இருப்பதா என்பது. வரி, இலவசக் கல்வி, மருத்துவம் எல்லாம் இதில் அடங்கும். 1948 உலக மனித உரிமைப் பிரகடனம் பேச்சுரிமையையும் கல்வி உரிமையையும் ஒரே பட்டியலில் வைத்தது. அதை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக்கப் போனபோது ஒன்றாக வைக்க முடியவில்லை. 1952-இல் ஐ.நா. பொதுச்சபை இரண்டாகப் பிரிக்க முடிவு செய்தது, 1966-இல் இரண்டு தனி ஒப்பந்தங்கள் ஏற்கப்பட்டன. பனிப்போர் அரசியலும் அதில் கலந்திருந்தது, ஆனால் பிளவு விழுந்த இடம் இந்தக் கேள்விதான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. எல்லா நிலைப்பாட்டுக்கும் கீழே தத்துவம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நிறையப் பேர் முதலில் கட்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கொள்கையைப் பிறகு தேடுகிறவர்கள். இதைப் பிரித்தறிய, அவர் சொன்ன கொள்கையை அவருக்கு வலிக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். "என் தலை என் பொறுப்பு" என்றவன் போதைப்பொருள் தடையை ஆதரிக்கிறானா? ஆதரித்தால் உடனே 'வேஷதாரி' என்று பாயவேண்டாம். அடிமையாகிப் போனவனுக்குத் தேர்வே இல்லை, அதனால் அது வேறு விஷயம் என்று அவன் சொல்லக்கூடும். அது நியாயமான பதில்தான், அவன் வேலி எங்கே முடிகிறது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. "அது வேற, இது வேற" என்று மட்டும் சொல்லி, எப்படி வேறு என்று சொல்லாமல் நழுவினால் அங்கே வேர் எதுவும் இல்லை. அவரோடு பேசுவதென்றால் புள்ளிவிவரக் கட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.