அரசு அலுவலகத்தில் கொடுத்த தொழில் ரகசியத்தைத் தகவல் உரிமை மனுவிலிருந்து காப்பது எப்படி?

ஒப்பந்தப்புள்ளி, உரிமம், மானியம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை என எதற்காக அரசு அலுவலகத்தை நாடினாலும், ஒரு நிறுவனம் தன் தொழிலைப் பற்றிய தாள்களைக் கட்டாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டு கோப்பில் சேர்ந்துவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் எந்தக் குடிமகனும் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி அதைக் கேட்கலாம். கேட்பதற்கான காரணத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை என்று பிரிவு 6(2) கூறுவதால், மனுதாரர் போட்டி நிறுவனத்தின் ஆள் என்று வாதிடுவதில் பெரிய பயன் இல்லை.

நிறுவனங்களுக்குத் துணை நிற்பது பிரிவு 8(1)(டி). வணிக ரகசியமோ அறிவுசார் சொத்தோ வெளியானால் மூன்றாம் தரப்பினரின் (மனுதாரரும் அலுவலகமும் அல்லாத இன்னொருவர்; இங்கே தாளைக் கொடுத்த நிறுவனம்) போட்டி நிலைக்குத் தீங்கு விளையும் என்றால் அதைத் தர மறுக்கலாம். பரந்த பொதுநலன் வேண்டுகிறது என்று உரிய அதிகாரி கருதினால் அப்போதும் தரலாம். எனவே, ஒரு செய்தி ரகசியம் என்று மட்டும் சொன்னால் போதாது; அது வெளியே போனால் நமக்கு என்ன இழப்பு என்பதையும் காட்ட வேண்டும்.

இந்த வேலையைத் தாளைக் கொடுக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். மூன்றாம் தரப்பினருக்கு அறிவிப்பு அனுப்பச் சொல்லும் பிரிவு 11, அந்தத் தரப்பினர் 'ரகசியமாகக் கருதிய' தகவலுக்கே பொருந்துகிறது. நாமே எந்தக் குறிப்பும் இல்லாமல் கொடுத்த தாளை ரகசியமாகக் கருதினோம் என்று பின்னாளில் நிறுவுவது கடினம்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை இசைவாணைக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கப்படும், எவ்வளவு கழிவுநீர் வெளியேறும், அது எப்படிச் சுத்திகரிக்கப்படும் என்பவை சுற்றியுள்ள மக்களுக்குத் தெரிய வேண்டிய செய்திகள். அவற்றை மறைக்கக் கேட்பது முறையும் அல்ல, நிற்கவும் நிற்காது. ஒரு குறிப்பிட்ட நிறத்தைக் கொண்டுவர எந்தச் சாயத்தை என்ன விகிதத்தில், எந்த வெப்பநிலையில் சேர்க்கிறோம் என்பதோ பட்டறையின் பல ஆண்டு உழைப்பு. முதலில், அந்த விவரத்தை வாரியம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காததைக் கொடுக்காமல் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. கேட்டால், அதை மட்டும் தனி இணைப்பாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'வணிக ரகசியம் – பிரிவு 8(1)(டி)' என்று அச்சிட்டு, அந்த இணைப்பு ஏன் ரகசியம் என்பதை முகப்புக் கடிதத்தில் இரண்டு மூன்று வரிகளில் எழுதி, கடிதத்தின் நகலில் ஒப்புகை முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். ரகசியப் பகுதியை நீக்கிய இன்னொரு படியையும் கூடவே கொடுத்துவிட்டால், கோப்பிலிருந்து எதைத் தரலாம் என்று பொதுத் தகவல் அலுவலர் (தகவல் மனுவுக்குப் பதில் தரும் பொறுப்பில் உள்ளவர்) தேட வேண்டியிருக்காது. தர முடியாததை நீக்கி எஞ்சியதைத் தருவதற்குப் பிரிவு 10 இடம் கொடுக்கிறது.

கட்டு முழுவதிலும் 'ரகசியம்' என்று முத்திரை குத்தும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். முகவரியும் பதிவு எண்ணும்கூட ரகசியம் என்று சொல்பவரின் உண்மையான ரகசியத்தையும் அலுவலர் நம்பமாட்டார்.

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-இல் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆகையால் ஊழியர்களோடும் விற்பனையாளர்களோடும் செய்துகொண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தங்களும், ரகசியச் சூத்திரத்தை யார் யார் பார்க்கலாம் என்ற உள்கட்டுப்பாடுகளுமே முக்கியச் சான்றுகளாகின்றன. அவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

மனு வந்த ஐந்து நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் நமக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து நமக்குப் பத்து நாட்கள் உண்டு. அறிவிப்பு, பதிவு அலுவலக முகவரிக்குப் போய்ப் பிரிக்கப்படாமல் கிடந்தே பலருக்கு இந்தக் கெடு தவறுகிறது. விண்ணப்பத்திலேயே பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் முகவரியையும் கொடுப்பதும், வந்த உறையைத் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துவதும் நல்லது. நாம் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகிவிடாது. ஆனால் நம் தரப்பு கோப்பில் இல்லாமலேயே முடிவு எடுக்கப்படும்.

ஆட்சேபணையில் பக்கம் பக்கமாக, வரி வரியாகச் சொல்லுங்கள்: இன்ன பக்கத்தில் உள்ள இன்ன அட்டவணை வெளியானால், போட்டியாளர் இந்தச் செயல்முறையைச் சோதனைச் செலவே இல்லாமல் பின்பற்ற முடியும் என்பது போல. 'எங்கள் வணிகம் பாதிக்கப்படும்' என்ற பொதுவான வரிக்கு மதிப்பில்லை. அரசு அதை நம்பிக்கைப் பொறுப்பில், அதாவது கொடுத்தவரின் நலனைக் காக்கும் கடமையோடு, வைத்திருக்கிறது என்ற வாதத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். வங்கிகளைப் பற்றிய ஆய்வு அறிக்கைகளுக்காக ரிசர்வ் வங்கி அந்த வாதத்தை வைத்தபோது, உச்ச நீதிமன்றம் 2015-இல் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் அதை ஏற்கவில்லை.

மக்களின் உடல்நலம் சார்ந்த தரவு என்றால் நிலைமை இன்னும் கடினம். மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய் விவகாரத்தில் நச்சுத்தன்மை, ஒவ்வாமை பற்றிய சோதனைத் தரவுகள் 2008-இல் பொதுவெளிக்கு வந்தன. அது சரியான விளைவு என்பதே என் கருத்து. காலத்தையும் கவனியுங்கள். தேர்வுக்கு முன் ரகசியமான வினாத்தாள் தேர்வு முடிந்தபின் அப்படி இராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் பட்டயக் கணக்காளர் நிறுவன வழக்கில் விளக்கியது. அதே வழியில், ஒப்பந்தம் முடிவான பிறகு வென்றவரின் மொத்த விலையை மறைக்கக் கேட்பது வீண். அந்த விலைக்கு எப்படி வந்தோம் என்ற உள்கணக்குக்குப் பாதுகாப்புக் கேட்பதே பயன் தரும். இருபது ஆண்டுகள் கடந்த விவகாரங்களுக்குப் பிரிவு 8(1)(டி)-இன் காப்பு கிடையாது.

மனு வந்த நாற்பது நாட்களுக்குள் அலுவலர் முடிவெடுத்து நமக்கும் தெரிவிக்க வேண்டும். தரலாம் என்று முடிவானால், ஆணையின் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு தொண்ணூறு நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். ஆணையம் மூன்றாம் தரப்பினரைக் கேட்டாக வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை தகவலைத் தர வேண்டாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னாலும், அந்தக் கோரிக்கையை மேல்முறையீட்டு மனுவின் முதல் பத்தியிலேயே எழுதி, அதன் நகலை அன்றே பொதுத் தகவல் அலுவலரிடம் சேர்த்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.