வீடு மாறினால் பாலிசி கூடவே வராது

புது வீட்டுச் சாவி கைக்கு வர ஒரு வாரம் இருக்கும்போதுதான் பழைய வீட்டின் காப்பீட்டு பாலிசியைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே பழைய முகவரி. கட்டடக் காப்பீடு அந்த முகவரிக்குத்தான், ஆளோடு நகராது. உடனே போன் போட்டு, சாவி வாங்கும் தேதியிலிருந்தே புது வீட்டுக்குத் தனி பாலிசி எடுத்தேன்.

சரி, பழையதை ரத்து செய்யலாமா? பழைய வீட்டின் விற்பனை முடியும்வரை அதுவும் என் வீடுதானே! அப்புறம், வீடு 30 அல்லது 60 நாள் காலியாகக் கிடந்தால் பல பாலிசிகளில் திருட்டுக்கோ தண்ணீர்க் கசிவுக்கோ இழப்பீடு கிடைக்காது. காலியாக இருக்கப்போவதை முன்கூட்டியே சொல்லி, காப்பு தொடரும் என்று எழுத்தில் வாங்கினேன். லாரியில் ஏறும் சாமான்களுக்கும் காப்பு உண்டா என்று கேட்டேன், அம்மாவின் தையல் மெஷினை நினைத்து. விற்பனை பதிவான மறுநாள்தான் பழையதை ரத்து செய்தேன். மீதி நாட்களுக்கான பிரீமியம் திரும்ப வந்தது.