ஒரே பாட்டு, பல நாட்டு உறைகள்

எல்லா இசைத்தட்டையும் சேர்க்கக் கிளம்பினால் வீடும் தாங்காது, பர்ஸும் தாங்காது. ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு, அதன் தட்டு நாட்டுக்கு நாடு வந்த உறைகளை மட்டும் சேருங்கள். நான் பிடித்தது, ஸ்வீடனின் அபா பாப் இசைக்குழு 1976இல் வெளியிட்ட 'டான்சிங் குவீன்' சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு. ஸ்வீடனில் போலார், பிரிட்டனில் எபிக், ஜெர்மனியில் பாலிடோர், பிரான்சில் வோக், ஜப்பானில் டிஸ்கோமேட் என்று நாட்டுக்கொரு கம்பெனி விற்றது. முதலில் இந்தப் பட்டியலை எழுதிவையுங்கள். பணத்தை அப்புறம் எடுக்கலாம்.

ஜப்பான் சிங்கிள்களில் உறை என்பது பெரும்பாலும் ஒற்றைத் தாள்தான். முன்னால் படம், பின்னால் பாட்டு வரிகள். தாள் இல்லாத தட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நமக்கு வேண்டியதே அந்தத் தாள்தானே!

உறையில் உள்ள எண்ணும் தட்டின் லேபிளில் (நடுவில் ஒட்டிய வட்டத் தாளில்) உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நான் ஆசையாக வரவழைத்த பிரெஞ்சு உறைக்குள் இருந்த லேபிளில் 'கெமா' என்று அச்சாகியிருந்தது. அது பாட்டுகளுக்கு உரிமைத்தொகை வசூலிக்கும் ஜெர்மனியின் சங்கம். பிரெஞ்சுத் தட்டென்றால் அந்த நாட்டுச் சங்கமான 'சாசெம்' பெயர் இருக்கும். விற்றவர் பதிலே போடவில்லை. அன்றிலிருந்து லேபிளின் படத்தைக் கேட்டு வாங்காமல் காசு அனுப்புவதில்லை.

சரி, வந்ததும் தட்டை வெளியே எடுத்துத் தனி வெள்ளை உறையில் போடுங்கள். உள்ளேயே விட்டால் அட்டையில் வட்டத் தழும்பு விழும். அட்டைக்கு மேலே போடும் பிளாஸ்டிக் உறைக்கு பாலிபுரொப்பிலீன் நல்லது; பிவிசி பிளாஸ்டிக் மெல்ல ஒட்டிக்கொள்ளும்.